பாலாற்றுச் சீமையில் கோல்ஃப்: தண்ணீரையும் முள்காட்டையும் கெடுக்காத மைதானத்தில் ஆட முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு. காட்பாடிக்கு வடக்கே மலையடிவாரத்தில் உங்கள் பங்காளிகள் சேர்ந்து வைத்திருக்கிற மேட்டு நிலத்தில், நிலத்தடி நீரையும் முள்காட்டையும் கெடுக்காமல் 18 ஹோல் (ஒவ்வொன்றும் முதல் அடியிலிருந்து குழி வரையான ஓர் ஆட்டப் பாதை) கோல்ஃப் மைதானம் அமைக்க முடியுமா என்பது முதலாவது. அப்படி அமைத்தால், சென்னையில் ஆடுகிற உங்கள் மைத்துனர் பயமுறுத்துவதுபோல, அடிக்கு ஒரு பந்து புதருக்குள் போய் ஆட்டமே வெறுத்துப்போகுமா என்பது இரண்டாவது.

18 வேண்டாம், 9 ஹோல் போதும் என்பேன். தண்ணீருக்கு ஆழ்துளைக் கிணற்றைத் தொடுவதில்லை என்ற உறுதி இருந்தால் அது முடியும். மைத்துனர் சொல்வதும் பொய்யில்லை. சூழலுக்கு இசைந்தவை என்று பெயர் வாங்கிய பல மைதானங்கள் சாதாரண ஆட்டக்காரரை வதைக்கின்றன. அந்த வதை முள்செடியால் வருவதில்லை. மழை கொழிக்கும் நாட்டு மைதானத்தின் தோற்றத்தைக் கைவிட மனமில்லாமல், பச்சைப் பரப்பை மட்டும் நறுக்கிச் சுருக்குவதால் வருகிறது. புல்தரைப் பராமரிப்பிலும் பாசனத்திலும் வெகுகாலம் வேலை பார்த்தவன், இந்த மாவட்டத்துக்காரன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தண்ணீர்க் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குக் கட்டுப்பட்டது. 18 ஹோல் மைதானத்துக்கு 120 முதல் 180 ஏக்கர் வரை நிலம் ஆகும். வழக்கமான வடிவமைப்பில் அதில் சுமார் 100 ஏக்கர், அதாவது 40 ஹெக்டேர், தண்ணீர் பாய்ச்சி வளர்க்கிற புல். ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. தண்ணீர் விட 10,000 லிட்டர் தேவை. நம் ஊர் ஏப்ரல், மே வெயிலில் அருகம்புல் இனத்துக்கு நாளொன்றுக்கு 4 மி.மீ. என்று வைத்தால்கூட, 40 ஹெக்டேருக்கு 16 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கிற லாரியில் 130 நடைக்கு மேல். நகரத்தில் தலைக்கு 135 லிட்டர் என்கிற அளவுகோலில், கிட்டத்தட்ட 12,000 பேருடைய ஒரு நாள் தேவை. அக்னி நட்சத்திரத்தில் கே.வி.குப்பம், லத்தேரி பக்கம் பெண்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்து நிலத்தில் இவ்வளவு தண்ணீரைப் புல்லுக்குத் தெளிப்பது நியாயமே இல்லை. அப்படி ஒரு மைதானத்துக்கு எந்தச் சான்றிதழ் கிடைத்தாலும் நான் துணை நிற்க மாட்டேன்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-ல் மூன்றாகப் பிரிந்த இந்த நிலப்பரப்புக்குத் தண்ணீர் விஷயத்தில் ஒரு வரலாறும் இருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றுப் படுகையையும் கிணறுகளையும் உப்பாக்கியதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில்தான், முன்னெச்சரிக்கைக் கொள்கையும் கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் சொன்னது. அந்தத் தீர்ப்பு பிறக்கக் காரணமான மண்ணில் புதிதாக எதைக் கட்டினாலும், “கெடுதல் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்” என்று தொடங்கக் கூடாது.

ஆகவே மாற்று வழி. அருகம்புல் நம் வயல் வரப்பில் தானாக முளைப்பது. உலகத்தின் வெப்ப நாட்டுக் கோல்ஃப் மைதானங்களில் பெரும்பாலானவற்றில் இருப்பதும் இதே இனம்தான். அதன் கலப்பின வகைகளைத்தான் நர்சரிகளில் விற்கிறார்கள். தண்ணீர் விடுவதை நிறுத்தினால் பழுப்பாகிக் காய்ந்ததுபோல் கிடக்கும், மண்ணுக்குள் கிழங்குத் தண்டு உயிரோடு இருக்கும், ஒரு மழை பெய்தால் துளிர்த்துவிடும். களை எடுத்துச் சலித்த எந்த விவசாயியும் இதைச் சொல்வார். இந்தக் குணத்தை நம்பினால் கணக்கே மாறிவிடுகிறது. 9 ஹோல் மைதானத்தில் கிரீன்களும் (குழி இருக்கிற, ஒட்ட வெட்டிய புல்தரை) டீ மேடைகளும் (முதல் அடி அடிக்கிற இடம்) சேர்ந்து 1 ஹெக்டேர்தான். கோடையில் அவற்றுக்கு மட்டும் தண்ணீர் விட்டு ஃபேர்வேயை (டீக்கும் கிரீனுக்கும் நடுவே வெட்டி வைத்த புல்வெளி) பழுப்பாக விட்டுவிட்டால், நாளுக்கு 40,000 லிட்டர். நாலு லாரிகூட இல்லை. 400 பேர் தங்குகிற ஒரு விடுதியின் கழிவுநீரைச் சுத்திகரித்தால் இது கிடைத்துவிடும். காட்பாடிப் பக்கம் விடுதிகளுக்குப் பஞ்சமில்லை. அந்தத் தண்ணீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் ஏற்கனவே இருப்பதால் உரச் செலவும் குறையும். எந்த உரம் போட்டாலும் மண் பரிசோதனையில் இதைக் கழித்துவிட்டுத்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் மீதி அத்தனையும் கிணற்றுக்குத்தான் போகும்.

ஒரு எச்சரிக்கை. “தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து தண்ணீர் மலிவாக வாங்கலாம்” என்று யாராவது வந்து சொல்வார்கள். சவ்வூடு முறையில் உப்பை முழுக்க நீக்காத தண்ணீராக இருந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். தோலைப் பதப்படுத்தப் போடுகிற உப்பின் சோடியம் களிமண் கலந்த மண்ணைப் பாறைபோல் இறுக்கிவிடும். ஜிப்சம் போட்டுச் சரிசெய்ய வருடக்கணக்கில் ஆகும், அதற்குள் அந்த உப்பு கீழே இறங்கியிருக்கும். கடலோரத்துப் பாஸ்பாலம் என்ற புல்வகை உப்பைத் தாங்கும் என்று விற்பனைக்காரர்கள் சொல்வது உண்மைதான். புல் தாங்கும், அடுத்த நிலத்துக் கிணறு தாங்காது.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் 1980-ல் நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. அதையொட்டிய விதிகளில் 18 ஹோலுக்குத் தண்ணீர் பாயும் புல் சுமார் 90 ஏக்கருக்குள் அடங்க வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். வடிவமைப்பாளர்கள் செய்தது என்ன? டீ ஒரு பச்சைத் தீவு, பந்து விழ வேண்டிய இடம் ஒரு தீவு, கிரீன் இன்னொரு தீவு. நடுவில் முழுக்க முள்ளும் கல்லும். இதற்கு டார்கெட் கோல்ஃப் என்றே பெயர் வந்தது. நேராகவும் தூரமாகவும் அடிக்கிறவருக்கு இது அழகான சவால். முதல் அடியில் 200 கெஜம் போகிற சராசரி ஆணுக்கும், 150 கெஜம் போகிற சராசரிப் பெண்ணுக்கும் தண்டனை. தாண்டியே ஆக வேண்டிய 160 கெஜம் முள்காடு எதிரில் இருந்தால், அந்தப் பெண்ணுக்கு அங்கே ஆடுவதற்கே வழியில்லை. பந்து தேடுவதில் நேரம் போகும், பின்னால் வருகிற குழு காத்திருக்கும், மூன்றரை மணி நேர ஆட்டம் ஐந்து மணியாகும். கடைசியில் ஆட்டக்காரர்கள் “புதரை வெட்டுங்கள்” என்று மனு கொடுப்பார்கள். நிர்வாகமும் வெட்டும். பாதுகாக்க வேண்டிய காடு இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. ஆட முடியாத மைதானத்தால் சூழலுக்கும் நன்மை இல்லை என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இதற்கு நேர் எதிரான பாடத்தை வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் 2-ஆம் எண் மைதானம் தருகிறது. பழைய புகழ்பெற்ற மைதானம். 2010, 2011-ல் பில் கூர், பென் கிரென்ஷா என்ற வடிவமைப்பாளர்கள் இருவரும் அதைத் திருத்தினார்கள். சுமார் 35 ஏக்கர் பாசனப் புல்லை எடுத்துவிட்டு, அந்த மண்ணுக்கே உரிய மணலையும் கம்பிபோன்ற முரட்டுப் புல்லையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1,150 தெளிப்பான்கள் 450 ஆகக் குறைந்தன. ஆனால் ஃபேர்வேயை அகலமாக்கினார்கள், முரட்டுப் புல்லை ஓரங்களுக்குத் தள்ளினார்கள். அங்கே போன பந்து தொலைவதில்லை; கண்ணுக்குத் தெரியும், அடிக்கவும் முடியும், நன்றாக அடிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. 2014-ல் ஆண்களுக்கும் பெண்களுக்குமான அமெரிக்க ஓபன் போட்டிகள் அடுத்தடுத்த வாரங்களில் அங்கேயே நடந்தன. தொலைக்காட்சியில் பழுப்பு நிற ஃபேர்வேயைப் பார்த்து முகம் சுளித்தவர்களும் உண்டு. எனக்கு அது கண்ணுக்கு நிறைவாக இருந்தது.

உங்கள் நிலத்துக்கு இதை எப்படிப் பொருத்துவது? மூன்று பட்டையாகப் பிரியுங்கள். தண்ணீர் பாய்கிற புல் ஒரு பட்டை. கிரீன், டீ, மழைக்காலத்துக்குப் பின் கொஞ்ச நாளுக்கு மட்டும் தண்ணீர் விடுகிற, பந்து விழும் இடங்கள். காடு ஒரு பட்டை. காரை, சூரை, வெள்வேல், உசில், ஆவாரை எல்லாம் தொடாமல் விட்டது. பலரும் மறந்துவிடுவது இவை இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய பட்டையை. தண்ணீரே விடாத, ஆனால் குட்டையாக வைத்திருக்கிற நாட்டுப் புல். கொழுக்கட்டைப் புல், அருகு, மழைக்கு வருகிற மற்றவை. ஃபேர்வேயின் இருபுறமும் 15, 20 கெஜம் இது இருந்தால், தவறிய பந்து புதருக்குள் போகாமல் இங்கே நிற்கும். ஊசிப்புல் மட்டும் கதிர் விடுமுன் வெட்டப்பட வேண்டும். இல்லாவிட்டால் காலுறையெல்லாம் முள்ளாகிவிடும். இந்தப் பட்டையை வெட்ட டீசல் எரிக்கத் தேவையில்லை. ஊரில் செம்மறி வைத்திருப்பவர்களை, ஆட்டம் முடிந்த பிறகு பகல் வேளையில் மேய்க்க விடுங்கள். மேய்ச்சல் நிலம் போய்விட்டது என்ற மனக்கசப்பும் வராது. வெள்ளாட்டை விட வேண்டாம், அது காட்டுப் பட்டையின் கொழுந்தைத் தின்றுவிடும். சீமைக்கருவேலம் எங்கே இருந்தாலும் வேரோடு எடுத்துவிடலாம், அதற்கு யாரும் வருந்த வேண்டியதில்லை.

தாண்டி அடிக்க வேண்டிய ஓடை ஒன்றாவது உங்கள் நிலத்தில் இருக்கும். அதை ஃபேர்வேக்குக் குறுக்கே நேராக வைக்காமல் கோணலாக வரும்படி ஹோலைத் திருப்புங்கள். தைரியசாலி நீளமான பக்கத்தில் தாண்டுவார், மற்றவர் குறுகிய பக்கத்தில் தாண்டுவார். முன் டீ மேடை ஓடைக்கு அந்தப் பக்கமே இருக்கட்டும், முதியவர்களும் புதியவர்களும் தாண்டவே வேண்டாம்.

பந்து தொலைவது பற்றி மைத்துனருக்கு ஒரு செய்தி. 2019-ல் திருத்திய கோல்ஃப் விதிகள் இந்த மாதிரி மைதானங்களுக்குப் பெரிய உதவி. முன்பு நீர்நிலைகளைத்தான் அபாயப் பகுதியாகக் குறிக்க முடியும். இப்போது தண்ணீர் இல்லாத புதர்க்காட்டையும் பாறைச் சரிவையும் சிவப்புக் கம்பு நட்டுப் பெனால்டி ஏரியா ஆக்கலாம். பந்து அதற்குள்தான் போனது என்பது உறுதியாகத் தெரிந்தால், தேடவே வேண்டாம். ஒரு அடி தண்டனையோடு (கணக்கில் ஓர் அடி கூடும்), அது எல்லையைக் கடந்த இடத்திலிருந்து இரண்டு கிளப் (மட்டை) நீளத்துக்குள், கிரீனுக்கு நெருங்காமல் போட்டு ஆடலாம். குறிக்காத புதரில் பந்து தொலைந்தால் தண்டனை அடியோடு பழைய இடத்துக்கே திரும்ப நடக்க வேண்டும். தேடும் நேரமும் ஐந்து நிமிடத்திலிருந்து மூன்றாகக் குறைந்துவிட்டது. ஆக, காட்டை ஒழுங்காகக் குறித்துவிட்டாலே ஆட்டக்காரரின் பாதி வேதனை தீர்ந்துவிடும்.

அந்தக் காட்டுக்குள் மிகவும் மென்மையான பகுதிகளை ஆடத் தடை செய்த இடமாகவும் அறிவிக்கலாம். அங்கே பந்து கிடைத்தாலும் அடிக்கக் கூடாது, விலக்கு எடுத்தே ஆக வேண்டும். பந்து வெளியே இருந்து, நிற்கும் இடமோ கிளப் வீச்சோ உள்ளே பட்டாலும் அப்படியே அடிக்கக் கூடாது. பந்து பெனால்டி ஏரியாவுக்குள் இருக்கிற தடை இடத்தில் கிடந்தால் ஒரு அடி தண்டனை, பொதுப் பகுதியில் கிடந்தால் தண்டனை இல்லை. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. விதி தடுப்பது அடிப்பதைத்தான், உள்ளே கால் வைப்பதைத் தடுக்க மைதானக் குழு தனியாக உத்தரவு போட வேண்டும். கோடையில் ஆள்காட்டிக் குருவி திறந்த வெளியில், சரளைக் கற்களுக்கு நடுவே முட்டையிடும். உங்கள் நடுப்பட்டைதான் அதற்குப் பிடித்த இடம். கூடு கண்ட அன்றே சுற்றிக் கயிறு கட்டி, பழுதுபார்க்கும் நிலமாகவும் ஆடத் தடையாகவும் அறிவித்துவிட்டால், குஞ்சு நடமாடும் வரை யாரும் மிதிக்க மாட்டார்கள், ஆட்டக்காரருக்கும் தண்டனை இல்லை.

புதரில் கை விடக் கூடாது என்பதற்குப் பறவையைவிட அவசரமான காரணமும் இருக்கிறது. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் இந்த முள்காட்டின் பூர்வீகக் குடிகள். பந்தின் விலை முந்நூறு ரூபாயோ நானூறோ. கேடிகளாக (ஆட்டக்காரரின் பையைத் தூக்கிக் கூட வருகிறவர்கள்) வேலை செய்யப்போகிற ஊர்ப் பையன்களைப் பந்து பொறுக்கப் புதருக்குள் அனுப்பக் கூடாது என்பதை எழுத்தில் வையுங்கள். கணுக்கால் வரை மூடிய காலணியும் நீளமான பந்தெடுக்கும் கம்பும் அவர்களுக்கு மைதானமே தர வேண்டும். கடி பட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், அசைக்காமல் சி.எம்.சி.க்கோ அரசு மருத்துவமனைக்கோ உடனே கொண்டுபோக ஒரு வண்டி தயாராக நிற்க வேண்டும்.

தண்ணீர் குறைந்த தரையில் ஆடுவது வேறு கலை. சென்னையில் ஈரப் புல்லில் பழகியவர்கள் முதலில் திணறுவார்கள். உயரத் தூக்கி அடித்த பந்து கிரீனில் விழுந்து நிற்காமல் பின்னால் ஓடிவிடும். கிரீனுக்கு 20, 30 கெஜம் முன்னாலேயே தாழ்வாக விழவைத்து உருட்ட வேண்டும். பம்ப் அண்ட் ரன் என்று அவர்களே சொல்வார்கள், ஆனால் ஆடியிருக்க மாட்டார்கள். அடிப்பாகம் தடித்த வெட்ஜ் மட்டை கடினத் தரையில் துள்ளிப் பந்தின் தலையில் படும், ஆகவே தட்டையான அடிப்பாகம் உள்ளது வேண்டும். காற்றையும் சரிவையும் பார்த்து, பந்து எங்கே விழும் என்பதோடு எங்கே போய் நிற்கும் என்றும் கணக்குப் போட வேண்டும். எனக்கு இதுதான் கோல்ஃபின் ருசியான பகுதி. பலம் குறைந்தவருக்கும் இதில் இடமுண்டு. கெட்டித் தரையில் 150 கெஜம் அடிக்கிறவரின் பந்து இன்னும் 30 கெஜம் உருண்டு போகும். இதற்கு வடிவமைப்பாளர் செய்ய வேண்டியது ஒன்றுதான். கிரீனின் முன்வாசலைத் திறந்து வைக்க வேண்டும். முன்னால் பங்கர் (மணல் குழி) வெட்டி அடைத்துவிட்டு, தரையையும் கெட்டியாக வைத்தால் அது ஆட்டக்காரருக்குச் செய்கிற துரோகம்.

பங்கர் என்றதும் மணல் நினைவுக்கு வருகிறது. அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் 1960-லிருந்து வெளியிட்டு வருகிற கிரீன் அமைப்பு முறைப்படி, சரளைக்கு மேல் 30 செ.மீ. மணல் படுக்கை போட வேண்டும். 500 சதுர மீட்டர் கிரீனுக்கு 150 கன மீட்டர். 18 கிரீனுக்கு 2,700 கன மீட்டர், நம் லாரிக்காரர் கணக்கில் சுமார் 950 யூனிட். அது எங்கிருந்து வரும்? ஏற்கனவே மணல் சுரண்டப்பட்டு, ஊற்றுத் தோண்டினாலும் தண்ணீர் வராத பாலாற்றிலிருந்துதான். நீர் சேமிக்கிற மைதானம் என்று சொல்லிக்கொண்டு ஆற்றின் நீர்க்கிடங்கையே அள்ளி வந்து கிரீனுக்கடியில் போடுவதை ஒப்புக்கொள்ள முடியாது. சரியான பருமனுக்குச் சலித்துக் கழுவிய எம்-சாண்டை ஆய்வகத்தில் சோதித்துக் கலக்கலாம், அல்லது உள்ளூர் செம்மண்ணையே மேடாக்கி, வடிகால் சரிவு கொடுத்து, அடிக்கடி துளையிட்டுக் காற்றோட்டம் செய்யலாம். பின்னதில் பந்தின் வேகம் குறையும். ஸ்டிம்ப்மீட்டரில் (பந்து எவ்வளவு தூரம் உருள்கிறது என்று அளக்கும் கருவி) 11, 12 அடி ஓடுகிற கிரீன் தொலைக்காட்சிப் போட்டிக்கு. புல்லை 3 மி.மீ.க்குச் சுரண்டிவிட்டு, அது சாகாமல் இருக்கப் பூஞ்சைக்கொல்லியும் தண்ணீரும் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 5 மி.மீ. உயரத்தில் விட்டால் 8, 9 அடி ஓடும், வேர் ஆழமாகப் போகும், மருந்துச் செலவு விழுந்துவிடும். மணல் பங்கருக்குப் பதிலாகப் புல் பள்ளங்களும், அந்த நிலத்திலேயே இருக்கிற மொட்டைப் பாறைகளும் போதும். பாறையில் பட்டுப் பந்து எங்கே தெறித்தாலும், அதற்கு இலவச விலக்கு கிடையாது.

மழைக்காலத்தைப் பற்றியும் யோசித்திருக்க வேண்டும். நமக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் மி.மீ. மழை, அதில் பெரும்பகுதி சில மாதங்களில் கொட்டிவிடும். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதை எல்லோரும் பார்த்தோம். மலையடிவார நிலம் என்றால் அதில் ஏதாவது ஒரு ஏரியின் வரத்துக்கால் நிச்சயம் போகும். அதை மறித்து அழகுக்குக் குளம் வெட்டினால், கீழே இருக்கிற ஏரி நிரம்பாது, கலங்கல் வழியாது, ஆயக்கட்டுக்காரர்கள் வயிற்றில் அடித்ததாகும். வரத்துக்காலின் இருபுறமும் வெட்டிவேரும் நாட்டுப் புல்லும் அடர்த்தியாக நட்டு, அந்தப் பட்டையில் உரமும் மருந்தும் படக் கூடாது என்று விதி வையுங்கள்.

இடத் தேர்விலும் ஒரு வார்த்தை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1997-ல் திறந்த விடோஸ் வாக் மைதானம், மைக்கேல் ஹர்ட்சன் வடிவமைத்தது, சுற்றுச்சூழல் செயல்விளக்க மைதானம் என்றே பெயர் பெற்றது. அது பழைய சரளை வெட்டிய பள்ளங்களின் மேல் எழுந்தது. 2015-ல் அமெரிக்க ஓபன் நடந்த சேம்பர்ஸ் பேயும் பழைய சரளைச் சுரங்கம். உங்கள் நிலத்தில் கிராவல் அள்ளிய பள்ளம் இருக்கும் பகுதியில் ஹோல்களை வைத்து, நல்ல காட்டை அப்படியே விட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வடிவமைப்பாளரை அழைப்பதற்கு முன் இவற்றைச் செய்யுங்கள். சர்வேயரிடம் எஃப்.எம்.பி. என்கிற புல அளவை வரைபடம் வாங்கி வரத்துக்கால், வண்டிப்பாதை, புறம்போக்கு எல்லாவற்றையும் அதில் குறியுங்கள். சுற்றியுள்ள திறந்த கிணறுகளின் நீர்மட்டத்தை ஒரு சித்திரையிலிருந்து அடுத்த சித்திரை வரை மாதாமாதம் அளந்து எழுதி வையுங்கள். பின்னால் யாராவது உங்களால் கிணறு வற்றியது என்றால், உண்மை எந்தப் பக்கம் இருந்தாலும் தெரிந்துவிடும். ஐப்பசி மழையில் குடை பிடித்து நிலம் முழுக்க நடந்து, தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பக்கத்துக் கிராம சபையில் தண்ணீர்க் கணக்கை வெளிப்படையாக வாசியுங்கள். அதன் பிறகு வரைபடத்தை எனக்கு அனுப்பினால், எந்த ஹோல் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று என் யோசனையைச் சொல்கிறேன்.